கைம்பெண் அரிசி

ஊசிமலைத் தோட்டத்தில் தப்புச் சத்தம் இரண்டு காரியத்துக்குத்தான் கேட்கும். விடியுமுன்னே ஆட்களை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு வரவழைக்க ஒன்று. யாராவது கண்ணை மூடிவிட்டால் அவரை வழியனுப்ப இன்னொன்று. எழுப்புகிற அடி அவசரப்படும். வழியனுப்புகிற அடி நின்று நின்று நடக்கும். லயம் என்கிற வரிசை வீடுகளில் பிள்ளைகள்கூடப் படங்குச் சாக்கில் சுருண்டு கிடந்தபடியே இது எந்த அடி என்று சொல்லிவிடும்.

அந்த வருஷம் கச்சான் மழை பிடித்துக்கொண்டபோது, எழுப்புகிற தப்புக்கு எழுந்து ஓடியவர்களில் பாதி ஆண்கள் அடுப்பில் வைத்த தேயிலைச் சாயத்தண்ணி ஆறுமுன்னே திரும்பி வந்தார்கள். பெரட்டில் பெயர் கூப்பிட்டால்தான் வேலை. கூப்பிடாதவன் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், வந்த வழியே இறங்க வேண்டியதுதான். சீமையில் தேயிலை விலை விழுந்துவிட்டது என்றார்கள். சீமை எந்தத் திசையில் இருக்கிறது என்று கொழுந்து பறிக்கிற பூரணிக்குத் தெரியாது. ஆனால் அங்கே எதுவோ விழுந்தது இங்கே மேட்டு மலையில் தெரிந்தது. கவ்வாத்து வெட்டாமல் கைவிட்ட செடிகள் மரமாக நிமிர்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்றன. தேயிலை இப்படிப் பூத்து அவள் கண்டதில்லை. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. அவள் புருஷன் பழனியாண்டிதான் அதைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பான். அவன் கவ்வாத்துக்காரன். பூ என்றால் அவன் கத்தி போகாத இடம் என்று அர்த்தம்.

லிந்துலைக் கடைத்தெருவும் மெலிந்துபோயிற்று. நாகலிங்கம் பிள்ளை தன் கடைக்கு முன்பலகை பாதியை எடுப்பதே இல்லை. சம்பளச் சனிக்கிழமைகளில் கருவாட்டு வாசமும் வளையல்காரன் கூச்சலுமாக இருந்த இடத்தில் நாய்கள் படுத்திருந்தன. அரிசி மூட்டை ஏற்றி வருகிற சிங்கள வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துவிட்டுவிட்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் “வெட நே” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். வேலை இல்லை என்பதை அந்த மலைகளில் அப்போது எந்தப் பாஷையில் சொன்னாலும் எல்லாருக்கும் விளங்கியது.

பழனியாண்டியின் பெயர் ஒரு திங்கட்கிழமை கூப்பிடப்படவில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை சாயங்காலம் பொன்னையாக் கங்காணி, கறுப்புக் கோட்டு நனைய, அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பரா வாசலில் வந்து குந்தினார். அவருக்குக் கீழே வேலைக்குப் போகிற ஒவ்வொரு தலைக்கும் அவருக்கு ஒரு பங்கு உண்டு. தலை குறையக் குறைய அவர் கன்னமும் ஒட்டிக்கொண்டே வந்தது. பூரணி குரக்கன் ரொட்டியைத் தட்டிக் கல்லில் போட்டுக்கொண்டிருந்தாள். நாலு வயது ராசம்மா அடுப்படியில் மாவை உருட்டிக்கொண்டிருந்தது.

கங்காணி சுற்றி வளைத்துத்தான் பேச்சுக்கு வந்தார். மழையைப் பற்றிப் பேசினார். புதிதாக வந்திருக்கிற சின்ன வயசுத் துரை புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் படிக்கிறாராம், அதைச் சொல்லிச் சிரித்தார். அப்புறம்தான் சொன்னார்.

“ஒன் பேரை வெட்டிட்டாங்கப்பா. கவ்வாத்து ஆளு ஒருத்தனும் வேணாமாம். அக்கரைக்குப் போற கூட்டத்துல ஒன்னையும் சேத்திருக்கு. கப்பல் செலவு தோட்டத்துதான்.”

“கொழுந்துக்காரிங்க பேரு இருக்குல்லங்க?” என்று பூரணி கேட்டாள்.

“இருக்கு. ஆனா ஒன் பேரு நிக்காது பூரணி. புருசன் பேரு போனா மறுநா பொஞ்சாதி பேரும் போகும். அது ஒனக்குத் தெரியாததா?”

தெரிந்ததுதான். சட்டமோ வழக்கமோ, தோட்டத்தில் அது அப்படித்தான். புருஷன் பெண்டாட்டியைப் பிரிக்கக் கூடாது என்று யாரோ நல்ல மனசோடு செய்துவைத்த ஏற்பாடாம். அதன்படி ஒருவர் பெயர் போனால் இருவருமாகக் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். பூரணி பிறந்தது இதே லயத்தில். பழனியாண்டி துறையூர்ப் பக்கத்திலிருந்து தகப்பன் தோளில் வந்தவன். அந்தத் தகப்பனும் இங்கேயே ஒரு தேயிலைத் தூருக்குக் கீழே கிடக்கிறார். அக்கரை இந்தியாவில் இறங்கி யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? முந்தின வருஷம் குடும்பத்தோடு போன அழகன் அங்கே கஞ்சித் தொட்டிக்குக் கஞ்சித் தொட்டி நடக்கிறான், சின்னப் பிள்ளை வழியிலேயே போய்விட்டது என்று புடைவை விற்க வந்தவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. கங்காணி குரலை இறக்கினார்.

“ஒரு வழி இருக்கு. சொன்னா என்னைய வைவீங்க. புருசன் இல்லாதவ, கையில சின்னப் புள்ளையோட இருந்தா அவ பேரை வெட்ட மாட்டாங்க. அதோட மாசாமாசம் தனி அரிசி. பழைய தொரைன்னா ஒங்களத் தெரியும். இவருக்கும் கூட வந்த புதுக் கணக்கப்பிள்ளைக்கும் யாரு யாரு பொஞ்சாதின்னு என்ன தெரியும்? பழனியாண்டி ஒன் அண்ணன்னு சொல்லிரு. தனியாளா அக்கரைக்குப் போகட்டும். காலம் திரும்புனா நானே போயி ஆளு கட்டறப்ப மொத ஆளா அவனக் கூட்டியாறேன்.”

பூரணி தட்டகப்பையைக் கீழே வைத்தாள். தாலி கழுத்தில் கிடக்க இதைச் சொல்ல வாய் எப்படி வந்தது என்று கேட்டாள். அவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, நாளை பெரட்டில் துரை கேட்பார் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அப்புறம் புருஷனும் பெண்டாட்டியும் பேசியது கொஞ்சம். எல்லாரும் சேர்ந்தே போவோம், செத்தாலும் ஒன்றாகச் சாவோம் என்றாள் அவள். பழனியாண்டி கவ்வாத்துக் கத்தியை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு சும்மா துடைத்துக்கொண்டிருந்தான். துருவில்லை. அவன் அதைத் துருப்பிடிக்க விட்டதில்லை.

“செடிய ஒட்ட வெட்டுறமே, அது செத்தா போவுது?” என்றான் கடைசியில். “ரெண்டு மழைக்குள்ள தளுத்துரும் புள்ள. நானும் அந்தக் கணக்குத்தான். ரெண்டு மழை.”

மறுநாள் பெரட்டுக் களத்தில் மூடுபனி முழங்கால் வரை கிடந்தது. துரை குடைக்குக் கீழே நின்றார். கணக்கப்பிள்ளை, கங்காணி கொடுத்த சீட்டிலிருந்து பூரணியின் பெயரைப் படித்து, கைம்பெண், ஒரு பிள்ளை என்றார். பூரணி தாலியை ரவிக்கைக்குள் தள்ளி, முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். பக்கத்தில் பழனியாண்டி நின்றான். பின்னால் லயத்துச் சனம் முழுக்க நின்றது. எல்லாருக்கும் தெரியும். இவர்கள் கல்யாணத்தில் சோறு தின்றவர்கள்தான் எல்லாரும்.

துரை புத்தகத் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக எடுத்துவைத்து, “இந்த மனிதன் உனக்கு யார்?” என்று கேட்டார்.

“அண்ணன், தொரைகளே.”

“உன் புருஷன் எங்கே?”

“தவறிட்டாருங்க.”

“எப்பொழுது இறந்தான்?”

கங்காணி அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் வாய் திறந்து மூடியது. துரை தலையைச் சாய்த்துப் பார்த்தார். அந்த வேளையில் பக்கத்திலிருந்து பழனியாண்டியின் குரல் வந்தது.

“போன திருவிழாவுக்கு முந்திங்க, தொரைகளே. காய்ச்சல்ல போயிட்டான்.”

துரை தொப்பியைத் தொட்டு, வருத்தப்படுகிறேன் என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார் போலத்தான் இருந்தது. சின்ன வயசு. கூட்டத்தில் ஒருவரும் இருமக்கூட இல்லை.

அதிலிருந்து அக்கரைக் கூட்டம் புறப்படுகிற நாள் வரை ராசம்மாவுக்குப் பாடம் நடந்தது. அப்பா என்று கூப்பிடக் கூடாது, மாமா என்று கூப்பிட வேண்டும். பழனியாண்டிதான் சொல்லிக்கொடுத்தான். சரியாகச் சொன்னால் உள்ளங்கையில் ஒரு சிட்டிகைச் சீனி. பிள்ளை முதலில் சிரித்தது, விளையாட்டு என்று நினைத்தது. சீனியின் ருசி கண்டபிறகு தப்பே விடவில்லை. தண்ணிக் குழாயடியில் பக்கத்துக் காம்பராக் காளியாயி, “இந்தாடி, ஒங்கப்பன் வாறான்” என்று சீண்டினால், “அது மாமா” என்று முகத்தைச் சுளித்துத் திருத்தியது. காளியாயி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தலவாக்கலை ஸ்டேசனில் பல தோட்டத்து ஆட்கள் மூட்டை முடிச்சுகளோடு நனைந்துகொண்டு நின்றார்கள். கோழிக்கூட்டைக் கட்டிக்கொண்டு ஒருத்தி. அம்மிக்குழவியை மட்டும் துணியில் சுற்றிக்கொண்டு ஒருத்தி. பழனியாண்டியின் கம்பளிச் சுருளுக்குள் கவ்வாத்துக் கத்தி நீட்டிக்கொண்டிருந்தது. தேயிலை இல்லாத ஊருக்கு அதை எதற்குக் கொண்டுபோகிறான் என்று பூரணி கேட்டதற்கு, வேறு எதைக் கொண்டுபோவது என்று கேட்டான்.

கணக்கப்பிள்ளை ஆட்களைச் சரிபார்த்துக்கொண்டு அருகிலேயே நடந்தார். அண்ணன் தங்கைக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் அவர்கள் நின்றார்கள். ரயில் வந்து நின்றது. பழனியாண்டி குனிந்து பிள்ளையின் தலையில் கை வைத்தான்.

“ராசம்மா, ஒரு தடவ அப்பான்னு சொல்லும்மா. மெதுவா. காதுல.”

பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தது. கணக்கப்பிள்ளையின் குடையைப் பார்த்தது. பிறகு சீனிக்காக உள்ளங்கையை நீட்டிக்கொண்டு, தெளிவாக, ஸ்டேசனுக்கே கேட்கும்படி, “மாமா” என்றது.

அவன் அந்தச் சின்னக் கையை மடக்கி மூடிவிட்டு ஏறிக்கொண்டான்.

அப்புறம் அரிசி வந்தது. கங்காணி சொன்னபடியே, மாதத்துக்கு ஒரு முறை ஸ்டோருக்கு முன்னால் கைம்பெண்களுக்குத் தனி வரிசை. பூரணி முதல் தடவை அங்கே போய் நின்றபோது முந்தானையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவளுக்கு முன்னால் நின்ற கிழவி அழகம்மா, மூன்று புருஷன் கண்டவள், வாய்க்குப் பூட்டில்லாதவள், திரும்பிப் பார்த்தாள்.

“வாடி மகராசி. நாங்கள்லாம் தாலியக் கழட்டிக் குடுத்துட்டு அரிசி வாங்குறோம். நீ மட்டுந்தான் கழட்டாம வாங்குறவ.” பிறகு அவள் முகத்தைக் கண்டு குரலை மாற்றி, “அட, அவன் வந்து எறங்குற அன்னிக்கு இந்த வரிசைய விட்டு ஒன்ன அடிச்சுத் தொரத்துறதே நான்தான். சும்மா வாங்கு” என்றாள்.

அரிசி சாக்கில் விழும்போதெல்லாம் பூரணி ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொள்வாள். ரவிக்கைக்குள் தாலி இருக்கிறதா என்று பார்ப்பது போல. அந்த அரிசிச் சோறு முதல் கவளம் அவளுக்கு இறங்காது. பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தைத்தான் தின்பாள். உயிரோடு இருக்கிறவனுக்குப் படைத்த சோறு மாதிரி அது அவளுக்குத் தெரிந்தது. அன்று பெரட்டில் அவன் வாயால் அவனே சொன்னது காதில் வந்து வந்து போகும். காய்ச்சல் என்று ஏன் சொன்னான்? வேறு எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா? பாம்பு கடித்தது என்றால் அக்கரையில் பாம்பைப் பார்த்து ஒதுங்கிப் போகலாம். காய்ச்சலைப் பார்த்து எப்படி ஒதுங்குவது?

வேலை இருந்தது, ஆனால் அதுவும் மெலிந்த வேலை. ரெண்டு இலை ஒரு மொட்டுக்கு மேல் ஒரு காம்பு இருந்தாலும் கணக்கப்பிள்ளை கூடையைக் கவிழ்ப்பார். மார்கழிப் பனியில் கொழுந்து கருகியபோது அதுவும் அரை நாளாயிற்று. காலி விழுந்த காம்பராக்களில் ஆடு கட்டினார்கள். ஒரு மழை வந்தது. போனது. அவள் எண்ணிக்கொண்டாள். இரண்டாவது மழை வந்தது. மேட்டு மலையில் தேயிலை இன்னும் உயரமாகப் பூத்தது.

அந்த இரண்டாவது மழை விட்டபோது பேச்சு மாறத் தொடங்கிற்று. தேயிலை விளைகிற தேசத்துத் தோட்டக்காரர்களெல்லாம் கூடி, இவ்வளவுக்கு மேல் தூள் அனுப்புவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்களாம். விலை ஏறுகிறதாம். பாக்டரிச் சங்கு பழையபடி தினமும் ஊதியது. நாகலிங்கம் பிள்ளை கடையில் பலகை முழுக்கத் திறந்தது. மேட்டு மலைக்குக் கவ்வாத்து வேண்டுமென்று துரையே ஒரு நாள் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். பூரணி காம்பராவுக்குச் சாணி மெழுகினாள். பொன்னையாக் கங்காணி கோட்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டு அக்கரைக்கு ஆள் கட்டப் போனார். போகும்போது அவள் வாசலில் நின்று, “மொத ஆளு” என்று விரலைக் காட்டிவிட்டுப் போனார்.

திரும்பி வந்த கங்காணி அவள் வாசலுக்கு வரவில்லை. கூட வந்த கவ்வாத்துக்காரன் லெட்சுமணனைத்தான் அனுப்பினார். பொழுது சாய்கிற நேரம். லெட்சுமணன் உள்ளே வராமல், கம்பளிச் சுருளிலிருந்து ஒன்றை எடுத்து நிலைப்படியில் வைத்தான். அது என்ன என்று பார்க்க அவளுக்கு விளக்குத் தேவைப்படவில்லை.

ரோட்டுக்குக் கல் உடைக்கிற வேலையில் பழனியாண்டி இருந்தானாம். அதுவும் நின்றபிறகு கருவேல முள் வெட்டி விற்றானாம், இந்தக் கத்தியால்தான். இது என்ன வளைஞ்ச கத்தி என்று அந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்களாம். கங்காணி வருகிறார் என்று கேள்விப்பட்டதும் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். கட்டின மூட்டையை அவிழ்க்கவே இல்லையாம். லெட்சுமணன் அத்தோடு நிறுத்திக்கொண்டான்.

“காய்ச்சலா?” என்று பூரணி கேட்டாள்.

லெட்சுமணன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

காளியாயிதான் முதலில் ஓடிவந்தாள். அவள் ஒப்பாரிக்கு வாயைத் திறக்கப்போகும்போது கங்காணி பின்னாலேயே வந்து வாசலை மறித்தார். இரண்டு கையையும் கூப்பியிருந்தார்.

“சத்தம் போடாதீங்கம்மா. ஒங்க காலுல விழுறேன். தப்புக்காரனுக்குச் சொல்ல வேணாம். அடிச்சா பங்களாவுக்குக் கேக்கும். யாரு செத்தான்னு தொரை கேப்பாரு. அண்ணன்னு சொன்னா, அண்ணனுக்கு எதுக்குத் தாலி அறுக்கறாங்கம்பாரு; இவ புருசன்னு சொன்னா, அவன்தான் எப்பவோ செத்துட்டானேம்பாரு. வாங்குன அரிசிக்கு இவ பதில் சொல்லணும். இவ பேரு போகும், காம்பரா போகும். அவன் இம்புட்டும் பட்டது இதுக்குத்தானே.”

காளியாயி அவரைக் கண்டபடி ஏசினாள், ஆனால் மெல்லிய குரலில் ஏசினாள். கங்காணி கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு நிலைப்படியில் கத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோட்டால் முகத்தை மூடிக்கொண்டார். ராசம்மா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு, “மாமா வந்துட்டாரா?” என்று கேட்டது.

காளியாயி அன்று அங்கேயே தங்கினாள். இருட்டில் பூரணியின் கழுத்துத் தாலியைத் தொட்டு, இதை என்னடி செய்ய என்று கேட்டாள். முறைப்படி செய்ய வேண்டியதைச் செய்ய அவளுக்குக் கை வரவில்லை. பூரணி அந்தக் கையை எடுத்துக் கீழே வைத்தாள்.

“எல்லாருக்கும் அது எப்பவோ கழட்டியாச்சுக்கா. இருக்கட்டும்.”

விடியுமுன்னே தப்புச் சத்தம் கேட்டது. அவசரமான அடி, பெரட்டுக்கான அடி. பூரணி எழுந்து உட்கார்ந்து, கையைக் கூப்பிக்கொண்டு, அந்த அடி ஓயும்வரை கேட்டாள். அவனுக்கென்று அவ்வளவுதான் அடிக்கப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கூடையை மாட்டினாள். வேலைக்குப் போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

அன்று கொழுந்து மேட்டு மலைக்கு அடுத்த மலையில். மழை தூறிக்கொண்டிருந்தது. பெண்கள் அவரவர் நிரையில் ஏறினார்கள். வழக்கமாக நிரைக்கு நிரை பேச்சும் கேலியுமாக இருக்கும். அன்று கொழுந்து ஒடிகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. மேட்டு மலையிலிருந்து கவ்வாத்துக்காரர்களின் வெட்டுச் சத்தம் இறங்கி வந்தது. பூத்த கிளைகள் விழுந்துகொண்டிருந்தன. பூரணியின் விரல்கள் தானாகப் பறித்தன, கண் எங்கும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் விரல்களும் நின்றுவிட்டன.

கங்காணி கீழே ரோட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அன்று அவர் ஒரு தடவைகூட மேலே திரும்பவில்லை.

காளியாயி தன் நிரையை விட்டு இறங்கி வந்தாள். பூரணிக்குப் பின்னால் வந்து நின்று, தன் கூடையிலிருந்து ஒரு கைப்பிடிக் கொழுந்தை அள்ளி, கண்ணை மூடிக்கொண்டு, புறங்கை வழியாகச் சரிய விட்டுப் பூரணியின் கூடையில் போட்டாள். செத்தவன் வாயில் அரிசி போடுகிறது அப்படித்தான். போட்டுவிட்டு இடப்பக்கமாகச் சுற்றித் தன் நிரைக்கு ஏறிப் போனாள். அடுத்து இன்னொருத்தி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. சீக்காக இருந்தவள் வந்தாள். பூரணியோடு தண்ணிக் குழாயில் சண்டை போட்டுப் பேச்சை விட்டிருந்தவளும் வந்தாள். கிழவி அழகம்மா கடைசியாக, மூச்சிரைக்க மேடேறி வந்து, ஒரு பிடி போட்டாள். மழைத்தண்ணியோடு பச்சை இலை முதுகில் கனத்துக்கொண்டே வந்தது. பூரணி செடியின் கிளைகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், அந்தக் கனத்தைத் தாங்கி நின்றாள்.

பகல் கொழுந்து நிறுக்கிற கொட்டிலில் கணக்கப்பிள்ளை அவள் கூடையைத் தராசில் மாட்டினார். முள் ஓடிப்போய் நின்றது. அவர் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். மலையிலேயே அவளுடையதுதான் அன்று எடை அதிகம்.

“பரவாயில்லையே பூரணி,” என்றார். “இன்னிக்கு என்ன விசேசம்?”

வரிசையில் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பூரணி கயிற்றைச் சரிசெய்து, காலிக் கூடையை மறுபடி தலையில் மாட்டிக்கொண்டாள்.

“ஒண்ணுமில்லைங்கய்யா,” என்றாள்.